சர்வர் பதில் அளிக்கவில்லை

ஆகஸ்ட் 5, திங்கள்

மெயில் வரவில்லை. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டு மெயிலைத் திறந்ததும் நடுவில் ஒரு கட்டம் வந்தது. சர்வர் பதில் அளிக்கவில்லை. சரி என்பதை அழுத்தினேன். கட்டம் போய் மறுபடி வந்தது.

மோடத்தை அணைத்துப் போட்டேன். செய்தித்தாள் திறக்கிறது, யூடியூப் ஓடுகிறது. மெயில் மட்டும் இல்லை. சாயங்காலத்துக்குள் வந்துவிடும்.

காஸ் சிலிண்டர் வந்தது. வாஷர் இல்லை. அந்த ஆள் பையில் தேடி ஒன்று எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வரவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

பாஸ்வேர்டு மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஆன்டிவைரஸை நிறுத்தினேன். ஒரு வெள்ளைக்காரப் பையன் யூடியூபில் சொன்னபடி செட்டிங்ஸில் போய் எண்களை மாற்றினேன். பிறகு பயந்து பழைய எண்களையே போட்டுவிட்டேன். அதே கட்டம்.

எங்களுக்கு மெயில் நின்றால் பிழைப்பு நின்றது. புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிற வேலை. லண்டனிலும் சிங்கப்பூரிலும் அச்சாகப் போகிற பக்கங்கள் மெயிலில் வரும். எழுத்து, புள்ளி, கமா எல்லாம் பார்த்துத் திருப்பி அனுப்புவோம். நானும் என் வீட்டுக்காரர் திருவும் டைப்செட்டிங் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்தது. செவ்வரி என்று பெயர். மெயில் முகவரியும் அந்தப் பெயரில்தான்.

'எங்களுக்கு' என்று எழுதியிருக்கிறேன். ஏப்ரலிலிருந்து இங்கே புதுச்சேரியில் நான் மட்டும்தான் பார்க்கிறேன். திரு கடலூரில் அவருடைய அக்கா வீட்டில் இருக்கிறார். அக்காவுக்கு முட்டி வலி, துணைக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் என்றார்.

கீழ்வீட்டு அம்மா இன்றும் கேட்டார், "சாரை ஆளையே காணோமே?" கடலூரில் ஒரு வேலை எடுத்திருக்கிறார் என்றேன். போன மாதமும் அதைத்தான் சொன்னேன்.

கோதுமை ரவை உப்புமா. பாதி அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வியாழன்

ரியாஸ் வந்தார். முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். எங்கள் கம்ப்யூட்டர்களை முதலிலிருந்தே அவர்தான் பார்க்கிறார். வந்தவுடன் திருவின் அறையைப் பார்த்து, "சார் இல்லையாக்கா?" என்றார். இல்லை என்றேன். அவர் மேலே கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தார். பிறகு தன் போனில் எங்கள் முகவரியைப் போட்டுத் தேடினார்.

"அக்கா, உங்க கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்ல. நீங்க எத்தனை வாட்டி பாஸ்வேர்டு மாத்தினாலும் வராது. டொமைன் முடிஞ்சிருச்சு."

"அப்படின்னா?"

"செவ்வரின்ற பேரு இருக்குல்ல, அது உங்க சொந்தம் கிடையாது. வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பிக்கணும். இந்த வருஷம் கட்டல. அதான் அந்தப் பேருக்கு வர்ற மெயில் எங்க போறதுன்னு தெரியாம நிக்குது."

"இத்தனை நாள் வந்ததெல்லாம்?"

"ரெண்டு மூணு நாள் முயற்சி பண்ணும். அப்புறம் அனுப்புனவங்களுக்கே திரும்பிப் போயிடும்."

பணம் கட்டிவிடலாமே என்றேன். கட்டலாம், ஆனால் அந்தக் கணக்கு யார் பேரில் இருக்கிறது என்று கேட்டார். திரு பேரில். போன் நம்பரும் அவருடையதுதான். உள்ளே போக வேண்டுமென்றால் அந்தப் போனுக்கு ஓடிபி வரும்.

"சாருக்கு ஒரு போன் போட்டீங்கன்னா முடிஞ்சுதுக்கா. ரொம்ப நாள் விட்ராதீங்க. கெடு தாண்டிருச்சுன்னா வேற யார் வேணா அந்தப் பேர வாங்கிக்கலாம்."

சரி என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு துணி ஊற வைத்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

போன் செய்யவில்லை.

எங்களுக்கு வேலை அனுப்புகிற சென்னை ஏஜென்சிக்கு வேறொரு மெயிலிலிருந்து எழுதினேன். பதிவு செய்த முகவரியிலிருந்து வந்தால்தான் அவர்களுடைய சிஸ்டம் எடுத்துக்கொள்ளுமாம். முகவரி மாற்ற இரண்டு கூட்டாளிகளும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்று பதில்.

எப்படிச் சுற்றினாலும் அவரிடம்தான் போய் நிற்கிறது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போனேன், தலையணை உறை வாங்க. இரண்டு பார்த்தேன். வாங்கவில்லை.

மார்ச்சில் ஒரு ஞாயிறு இதே காந்தி வீதியில் திருவைப் பார்த்தேன். நான் துணிக்கடை ஓரமாக நின்றேன். எதிரே வந்தார். நேராக என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று நின்றேன். அப்படியே தாண்டிப் போய்விட்டார். நான் கூப்பிடவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்த மாதம்தான் மருந்துப் புத்தகத்தில் பிழை வந்தது. ஒரு அளவில் தசமப் புள்ளி விட்டுப் போயிருந்தது. அவர் பார்த்த பக்கம். லண்டனிலிருந்து நீளமாக எழுதியிருந்தார்கள். அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவர் முடித்த பக்கங்களை நான் இன்னொரு முறை பார்த்து அனுப்பினேன். ஏப்ரலில் கடலூர் போனார்.

ஒருவருக்கு நம் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அதற்கு என்ன செய்ய முடியும்? மோடத்தை அணைத்துப் போடுகிற மாதிரியா?

ஆகஸ்ட் 12, திங்கள்

போன் செய்தேன். ரொம்ப நேரம் அடித்தது.

"ஹலோ."

"நான்தான்."

"ம்."

"மெயில் வேலை செய்யல. டொமைன் புதுப்பிக்காம விட்டிருக்கு. உங்க நம்பருக்கு ஒரு ஓடிபி வரும். அதைச் சொல்லணும்."

"எனக்கு நினைவுபடுத்தி மெயில் வந்திருக்குமே."

"வந்திருக்கும். நிறைய வந்திருக்கும்."

"நான் மெயில் பாக்கறதில்ல."

ஓடிபி அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். அவர் போனில் டிங் என்று சத்தம் இங்கே கேட்டது.

"வந்துருச்சா?"

"வந்துருச்சு. இரு... நாலு. எட்டு. ஒண்ணு. எட்டு... ஆறு. அஞ்சு."

போட்டேன். தவறு என்று வந்தது.

"தப்புன்னு வருது. இன்னொண்ணு அனுப்பறேன். நிதானமா பாத்துச் சொல்லுங்க."

"பாத்துத்தான் சொல்றேன்."

இரண்டாவதும் தவறு. மூன்றாவதைச் சொல்ல இன்னும் நேரம் எடுத்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அதுவும் தவறு. கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, நாளை முயலவும் என்று வந்தது.

"பூட்டிருச்சு," என்றேன்.

"சரி," என்றார். வைத்துவிட்டார்.

எத்தனையோ ஆயிரம் பக்கங்களில் ஒரு கமா தப்ப விடாதவர். ஆறு எண்ணைச் சொல்ல முடியவில்லை என்றால் சொல்ல விருப்பமில்லை என்றுதான் அர்த்தம். செவ்வரி போகட்டும் என்று நினைக்கிறார் போல. நேரடியாகச் சொல்லியிருக்கலாம்.

கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நேற்றைய சாம்பாரைச் சூடு பண்ணினேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்று போனை எடுத்தது அவருடைய அக்கா. அஞ்சலை அண்ணி. ஏப்ரலுக்குப் பிறகு அவரிடமும் பேசவில்லை.

"சொல்லு," என்றார். குரல் சரியில்லை.

ஓடிபி விஷயத்தைச் சொன்னேன். "அனுப்பு, நான் படிக்கிறேன்," என்றார். கடகடவென்று ஆறு எண்ணையும் படித்தார். கணக்கு திறந்துவிட்டது. பணம் கட்டினேன். முடிந்தது.

வைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "முட்டி வலி இப்ப பரவாயில்லையா அண்ணி?"

"யாருக்கு?"

"உங்களுக்கு."

"எனக்கு ஏது முட்டி வலி? தெனம் மஞ்சக்குப்பம் மார்க்கெட்டுக்கு நடந்துதான் போறேன். யாரு சொன்னா உனக்கு?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அவன் சொன்னானா?" என்றார் அண்ணி. பிறகு, "எங்கிட்ட வேற மாதிரிச் சொன்னான். கண்ணு தெரியாதவன வச்சுக்கிட்டு வேலை பாக்க முடியாது, அக்கா வீட்டுல போயி இருங்கன்னு நீ அனுப்பிட்டன்னு சொன்னான். நாலு மாசமா உன்மேல ஆத்திரத்துல கெடக்கேன் வல்லி."

"கண்ணு தெரியாதவனா?"

"உனக்குத் தெரியாதா?"

சர்க்கரையால் வந்தது என்று சொன்னார். இரண்டு கண்ணிலும் விழித்திரையில் கசிவு. ஓரமெல்லாம் தெரியும், நடுவில் தெரியாது. யார் முகமும் தெரியாது. எழுத்து தெரியாது. மூன்றும் எட்டும் ஒன்றுதான். நேற்று எனக்கு எண் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போனவர் விளக்கு வைத்த பிறகுதான் இறங்கி வந்தாராம்.

"நான் வரேன் அண்ணி," என்றேன்.

"வா," என்றார்.

மெயில் தொடர்பு வர ஒரு நாள் ஆகும் என்று ரியாஸ் போனில் சொன்னார். பாத்திரம் எல்லாம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடி தேய்த்தேன்.

ஆகஸ்ட் 14, புதன்

மதியம் தொடர்பு வந்தது. கட்டம் வரவில்லை. மெயில்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பாதி விளம்பரம். ஏஜென்சியிலிருந்து ஒன்று. அனுப்பியது திரும்பி வந்ததாலும் கெடு தாண்டியதாலும் எங்களுக்குத் தர இருந்த இதயநோய்ப் புத்தகத்தை வேறு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருட ஒப்பந்தம் பற்றிப் பிறகு பேசுவார்களாம்.

படித்தேன். சரி என்று இருந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. கடற்கரைப் பக்கம் வண்டி விடவில்லை. நான் எங்கும் போகவும் இல்லை.

திருவின் கம்ப்யூட்டரைத் துடைக்கப் போய், போட்டுப் பார்த்தேன். ஒரு பக்கத்தைத் திறந்தால் திரை முழுக்க நான்கே வார்த்தைகள். அவ்வளவு பெரிதாக்கி வைத்திருக்கிறார். அப்படி ஒரு பக்கத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஜனவரியிலோ பிப்ரவரியிலோ என் அறைக்கு ஒரு தாளை எடுத்து வந்து "இது மூணா, எட்டா?" என்று கேட்டார். மூணு என்றேன். கண்ணாடியை மாத்துங்க என்றேன். தலையைத் தூக்காமல்தான் சொல்லியிருப்பேன்.

பிறகு கம்ப்யூட்டரில் விழித்திரைக் கசிவு பற்றிப் படித்தேன். கண்ணுக்குள் ஊசி போடுவார்களாம். சீக்கிரம் வந்தால் இருக்கிறதைக் காப்பாற்றலாம். போனது பெரும்பாலும் போனதுதான்.

ஆகஸ்ட் 17, சனி

இன்றும் கடலூர் போகவில்லை. காரணம் ஒன்றும் இல்லை. பஸ் இருக்கிறது, நேரம் இருக்கிறது. தலைக்குக் குளித்தேன், புடவை எடுத்து வைத்தேன். உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

போனேன்.

அண்ணி வீட்டுக் கதவு திறந்திருந்தது. திரு முன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். இளைத்திருக்கிறார். சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டிருந்தார். நான் வாசற்படியில் செருப்பைக் கழற்றினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"யாரு?" என்றார்.

அங்கேயே நின்றேன்.

"அக்கா, யாரோ வந்திருக்காங்க பாரு," என்று உள்ளே பார்த்துச் சொன்னார். என்னிடம், "உள்ள வாங்கம்மா, உக்காருங்க," என்றார்.

"நான்தான்," என்றேன்.

ரேடியோவை அணைக்கக் கையை நீட்டினார். பொத்தான் அகப்படவில்லை. நான் போய் அணைத்தேன்.

அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். கையில் பை கூட எடுத்துப் போகவில்லை.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"என்னன்னு சொல்றது? மெய்ப்புப் பாக்குறவன் எழுத்து தெரியலன்னு சொன்னா அப்புறம் எதுக்கு அவன்?" என்றார். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "அந்த மருந்துப் புத்தகத்துல புள்ளி இருந்துச்சா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது வல்லி. நான் மூணு தடவ பாத்தேன் அந்தப் பக்கத்த. அப்புறம் நீ நான் முடிச்சதெல்லாம் திருப்பிப் பாக்க ஆரம்பிச்ச."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஃபைல்ல கடைசியா திறந்தது யாருன்னு பேர் இருக்கும். அதை மட்டும் பெருசு பண்ணிப் பாத்தேன். எல்லாத்துலயும் உன் பேர். ஒரு வேலைய ரெண்டு தடவ செய்யற. தூங்கறதே இல்ல. நான் இல்லன்னா ஒரு தடவ செஞ்சா போதும்."

"மார்க்கெட்ல என்னைப் பாத்துட்டே போனீங்க."

"எந்த மார்க்கெட்?"

"காந்தி வீதியில. மார்ச்சுல."

யோசித்தார். "நீ எங்க நின்ன?"

"உங்க எதிர்ல."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வைக்கும்போது விளிம்பைத் தேடித் தேடி வைத்தார்.

"அப்ப நீ..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. வெளியே யாரோ இளநீர் விற்றுக்கொண்டு போனார்கள்.

அண்ணி திரும்பி வந்து சொன்னதுதான் மீதி. இங்கே ஒரு டாக்டரிடம் முதல் ஊசி போட்டார்களாம். அடுத்ததற்கு வர மாட்டேன் என்று அடம். "நான் சொன்னா கேக்கறானா? நீ கேளு."

கேட்டேன். பார்க்கலாம் என்றார். புதுச்சேரியில் கண் ஆஸ்பத்திரியில் புதன்கிழமைக்குப் போனில் பெயர் பதிந்துவிட்டு, அண்ணி வீட்டிலேயே தங்கினேன். அண்ணி எனக்குப் பாய் போட்டுத் தன் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அண்ணி கெளுத்தி மீன் குழம்பு வைத்தார். திருவுக்கு நான் முள் எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றார், பிறகு சாப்பிட்டார். நானும் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன்.

ஆகஸ்ட் 21, புதன்

இதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். திருவை உள்ளே கூட்டிப் போயிருக்கிறார்கள். ஊசிக்கு முன்னால் மருந்து விட்டு மரத்துப் போக வைக்க வேண்டுமாம். டாக்டர் பெண். வலது கண்ணில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், இடது கண்ணில் இருப்பதை நிறுத்தி வைக்கலாம், விடாமல் வர வேண்டும் என்றார். நிறுத்தி வைப்பது என்றால் எவ்வளவு என்று கேட்டேன். புத்தகம் படிப்பது கஷ்டம், முகம் தெரியலாம் என்றார்.

காலையில் வந்ததை எழுத வேண்டும்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். திருவுக்கு ஜன்னல் ஓரம் கிடைத்தது. கன்னியக்கோயில் வரைக்கும் பேசாமல் வந்தார். அதற்குப் பிறகு ஆரம்பித்தார்.

"இன்னைக்கு வேணாம் வல்லி. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"இன்னைக்குத்தான்."

"கண்ணுக்குள்ள ஊசி. உனக்குத் தெரியாது. போனது வரப்போறதில்ல. எதுக்கு அலைச்சல்? கிருமாம்பாக்கத்துல எறங்கி அடுத்த பஸ்ஸைப் புடிச்சு நான் திரும்பிப் போயிடறேன்."

"எப்படிப் போவீங்க? பஸ்ல போர்டு படிப்பீங்களா?"

"யாரையாவது கேப்பேன்." என் பக்கம் திரும்பினார். "இங்க பாரு. அந்த டொமைன உன் பேருக்கு மாத்திடு. எங்க கையெழுத்துப் போடணுமோ விரலைப் புடிச்சு வை, போடறேன். நீ பாட்டுக்கு உன் வேலையைப் பாரு. என்னை இழுத்துக்கிட்டு அலையாத."

அப்போதுதான் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"டொமைனா? டொமைனைக் கேக்கவா நான் பஸ் ஏறி வந்தேன்?" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "நாலு மாசம்! முட்டி வலின்னு எங்கிட்ட ஒரு பொய், நான் துரத்திட்டேன்னு உங்க அக்காகிட்ட ஒரு பொய். கீழ்வீட்டு அம்மாவுக்கு நான் தெனம் ஒரு பொய். என்னைப் பாக்கப் பிடிக்கலன்னு நெனச்சுக்கிட்டு ஒரே ஆளுக்கு அரிசி போட்டுப் பொங்கித் தின்னுக்கிட்டு இருந்தேன். வாயைத் தொறந்து ஒரு வார்த்தை, எனக்குக் கண்ணு தெரியலடின்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சு போயிருப்பீங்க? செவ்வரியாம் செவ்வரி! கொண்டுபோய்க் கடல்ல போடுங்க அதை!"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன், மூக்கைப் புடவையில் துடைத்த ஞாபகம் இருக்கிறது. கிருமாம்பாக்கம் வந்தது, பஸ் நின்றது, கிளம்பியது. அவர் எழுந்திருக்கவில்லை. என் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினார்.

"மெதுவா பேசு," என்றார். "பஸ்ஸே நம்மளப் பாக்குது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் முகம் அப்படியே இருந்தது. பிறகு மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தோள் குலுங்கியது. சிரிக்கிறார். அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை. எனக்கும் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சு முட்ட, இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு சிரித்தோம்.

முன் சீட்டு அம்மா முழுசாகத் திரும்பி உட்கார்ந்து எங்களையே பார்த்தார்.

"இப்ப நெஜமாவே பாக்குறாங்க," என்றேன்.

"அதான் சொன்னேன்ல," என்றார்.